பத்துக்கு ஒன்பது பொருத்தம்

பெரிய மனிதர்களோடு நம்மை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமானால் சாதனைப் பக்கத்திலிருந்து தொடங்கக் கூடாது. அங்கே போனால் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். வயிற்றுக் கோளாறு, மதியத் தூக்கம், அப்பாவிடம் வாங்கிய திட்டு என்று கொல்லைப்புறமாக நுழைந்தால் கூடம் வரைக்கும் போய்விடலாம். சார்லஸ் டார்வின் வீட்டுக்குள் நான் நுழைந்தது அப்படித்தான். நுழைந்து பார்த்தால், என் வீடு மாதிரியே இருந்தது.

முதலில் அப்பா. டார்வினின் தந்தை ராபர்ட், ஷ்ரூஸ்பரியில் பெயர்பெற்ற மருத்துவர். 150 கிலோவைத் தாண்டிய சரீரம். மகனுக்குத் துப்பாக்கி, நாய், எலி பிடிப்பது இவற்றைத் தவிர வேறெதிலும் நாட்டமில்லை, தனக்கும் குடும்பத்துக்கும் அவமானம் தேடித்தரப் போகிறான் என்று அவர் ஒருநாள் பொரிந்து தள்ளினார். மகன் உலகப் புகழ் பெற்று, கிழவராகி, சுயசரிதை எழுத உட்கார்ந்தபோதும் அந்தத் திட்டை மறக்கவில்லை. என் அப்பா நாய், எலி என்று இனம் பிரிக்கும் சிரமத்தையெல்லாம் எடுத்துக்கொள்ளவில்லை. “நீ உருப்படமாட்டே”யோடு நிறுத்திக்கொண்டார். ராபர்ட் மருத்துவர் அல்லவா, நோயின் குறிகளைத் தனித்தனியாகச் சொல்லிப் பழகியவர்.

அப்பாவின் தொழிலுக்கே பையனும் வரட்டும் என்று 1825இல் எடின்பரோவுக்கு மருத்துவம் படிக்க அனுப்பினார்கள். மயக்கமருந்து வராத காலம். ஒரு குழந்தைக்கு நடந்த அறுவையைப் பார்த்த டார்வின், பாதியிலேயே கூடத்தை விட்டு ஓடிவந்துவிட்டார். என்னை விலங்கியலில் சேர்த்தார்கள். தவளை அறுக்கும் வகுப்பில், அறுபடுவதற்கு முன்பே தவளை என்னைப் பார்த்த பார்வை தாங்காமல் நானும் வெளியேறினேன். அவரைக் கேம்பிரிட்ஜில் சேர்த்துப் பாதிரியாராக்கப் பார்த்தார்கள். என்னை பி.காமில் சேர்த்தார்கள். இரண்டுமே வேறு வழி தெரியாத அப்பாக்கள் எடுக்கும் முடிவு.

கேம்பிரிட்ஜில் அவர் படித்ததைவிட வண்டு பிடித்ததுதான் அதிகம். ஒருமுறை மரப்பட்டையை உரித்தபோது இரண்டு அபூர்வ வண்டுகள் கிடைத்தன. கைக்கு ஒன்றாகப் பிடித்துக்கொண்டார். மூன்றாவதாக இன்னொரு புதுவகை எட்டிப் பார்த்தது. அதை விட மனமில்லாமல், வலக்கையில் இருந்ததை வாய்க்குள் போட்டுக்கொண்டார். அது நாக்கு எரிகிற மாதிரி எதையோ பீய்ச்ச, துப்பிவிட்டார். மூன்றாவதும் ஓடிப்போனது. இதற்கு இணையாக என்னிடம் ஒன்றும் இல்லை. டவுன் பஸ்ஸில் டிக்கெட்டைப் பல்லில் கவ்விக்கொண்டு சில்லறை தேடியதை வேண்டுமானால் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.

ஆனால் இதற்கெல்லாம் ஈடுகட்டும் மாபெரும் பொருத்தம் ஒன்று இருக்கிறது. தாய்மாமன்.

1831இல் பீகிள் கப்பலில் உலகைச் சுற்றிவர அழைப்பு வந்தது. அப்பா மறுத்தார். பாதிரியாராகப் போகிறவனுக்கு இது கெட்ட பெயர், பைத்தியக்காரத் திட்டம், உனக்கு முன்னால் எத்தனையோ பேரிடம் கேட்டு ஒருவரும் வராமல்தான் உன்னிடம் வந்திருப்பார்கள் என்று ஆட்சேபங்கள் எட்டு. கூடவே, “புத்தியுள்ள மனிதர் ஒருவராவது போகச் சொன்னால் நான் தடுக்கவில்லை” என்கிற ரீதியில் ஒரு வாசலையும் திறந்து வைத்தார். அம்மாவின் தம்பிகள் இருக்கிற எந்த வீட்டிலும் அப்பாக்கள் இப்படிப்பட்ட வாக்கைக் கொடுக்கக் கூடாது. டார்வின் நேராக மாமன் ஜோசையா வெட்ஜ்வுட் வீட்டுக்குப் போனார். மாமா எட்டு ஆட்சேபங்களையும் வரிசையாகப் போட்டு எட்டுக்கும் பதில் எழுதினார். எழுதியது போதாதென்று வண்டி கட்டிக்கொண்டு நேரிலும் வந்துவிட்டார். அப்பா இறங்கிவந்தார். தாய்மாமன் தலையிடாமல் பரிணாமக் கொள்கையே பிறந்திருக்காது என்பதில் ஆங்கிலேயர்கள் ஆச்சரியப்படலாம். நமக்கென்ன ஆச்சரியம்?

என்னையும் வேலைக்கு அனுப்பியவர் மாமாதான். பரீட்சைக்கு விண்ணப்பம் வாங்கிவந்து, பூர்த்தி செய்து, என்னிடம் கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டார். அப்பா அப்போதும் உருப்படமாட்டேன் என்றுதான் சொன்னார். “உருப்படாதவனுக்கும் பென்ஷன் உண்டு அத்தான்” என்று மாமா ஒரே ஆட்சேபத்துக்கு ஒரே பதிலாக முடித்துவிட்டார்.

கப்பலுக்குப் போன இடத்தில் இன்னொரு கண்டம். கேப்டன் ஃபிட்ஸ்ராய் முகலட்சணம் பார்க்கிறவர். டார்வினின் மூக்கைப் பார்த்து, இந்த மூக்குள்ளவனுக்கு ஊக்கமும் உறுதியும் போதாதே என்று தயங்கினாராம். நம் பக்கத்தில் பெண் பார்க்கத்தான் மூக்கைப் பார்ப்பார்கள், அங்கே பூகோளம் பார்க்கவும் பார்த்திருக்கிறார்கள்.

ஏறக்குறைய ஐந்தாண்டுப் பயணம். அந்த ஐந்தாண்டும் அவருக்குக் கடல் ஒத்துக்கொள்ளவே இல்லை. தொட்டிலில் படுத்தபடி உலர்ந்த திராட்சையைத் தின்று காலம் தள்ளியிருக்கிறார். கரை கண்டால் இறங்கிவிடுவார். மொத்தப் பயணத்தில் மூன்றாண்டுக்கு மேல் நிலத்தில்தான் இருந்தார். கொடைக்கானல் பஸ்ஸில் வத்தலக்குண்டு தாண்டியதும் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு ஜன்னலோரம் சாய்கிறவர்களை இளக்காரமாகப் பார்க்காதீர்கள். அதில் ஒருவர் நான்.

படகோனியாவில் நடந்தது எனக்கு மிகவும் பிடித்த கதை. நெருப்புக்கோழி மாதிரியான ரியா என்ற பறவையில் அபூர்வமான சின்ன வகை ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டு, டார்வின் அதைத் தேடி அலைந்துகொண்டிருந்தார். ஒருநாள் கூட்டாளி சுட்டுக் கொண்டுவந்த பறவையைச் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதுதான், இத்தனை நாள் தேடியது இதுதான் என்று உறைத்தது. மிச்சமிருந்த தலை, கழுத்து, கால், இறக்கை, தோல் எல்லாவற்றையும் பொறுக்கி இங்கிலாந்துக்கு அனுப்பினார். பறவையியல் அறிஞர் ஜான் கூல்ட் அதற்கு டார்வின் பெயரையே வைத்தார். வீடெல்லாம் கண்ணாடியைத் தேடிவிட்டு அது மூக்கின்மேல் இருப்பதைக் கண்டுபிடிப்பவன் நான். எனக்கு இந்த மனிதரை எப்படிப் பிடிக்காமல் போகும்?

ஊர் திரும்பியதும் கல்யாண யோசனை. 1838இல் ஒரு தாளை எடுத்து இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கம் மணந்தால் என்ன, மறுபக்கம் மணக்காவிட்டால் என்ன என்று பட்டியல் போட்டார். மணந்தால் புத்தகம் வாங்கப் பணம் குறையும், நேரம் வீணாகும், உறவினர் வீட்டுக்கெல்லாம் போக வேண்டும். ஆனால் மணந்தால் முதுமையில் துணை, எப்படியும் நாயைவிட மேல். கடைசியில் கணக்குப் பாடத்தில் தேற்றத்தை நிறுவியதுபோல ‘மணந்துகொள்’ என்று மூன்று தரம் எழுதி முடித்தார். இதை என் மனைவிக்குப் படித்துக் காட்டினேன்.

“நாயைவிட மேல்னா எழுதினாரு?”

“ஆமாம்.”

“அந்தம்மா பார்த்தாங்களா அந்தத் தாளை?”

தெரியாது என்றேன். எதற்கும் என் மேசை இழுப்பறையை அன்று சாயங்காலம் அவள் ஒழுங்குபடுத்தினாள். எங்கள் கல்யாணத்திலும் பட்டியல் இருந்தது. ஆனால் அது மளிகைக்கடைப் பட்டியல், மாமா கைப்பட எழுதியது.

ஆம், மாமா. டார்வின் மணந்த எம்மா யாரென்று நினைக்கிறீர்கள்? அதே ஜோசையா வெட்ஜ்வுட்டின் மகள். முறைப்பெண்! மருமகனுக்குக் கப்பல் பிடித்துக் கொடுத்த மாமன், பெண்ணையும் கொடுத்தார். 1839 ஜனவரியில் கல்யாணம். எனக்கு வேலையும் பெண்ணும் ஒரே மாமாவிடமிருந்துதான் வந்தன. ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு எந்த ஜோசியரிடமும் போக வேண்டாம், எனக்கும் டார்வினுக்கும் பத்துக்கு ஒன்பது பொருத்தம் என்று நான் தீர்மானித்தது அந்தப் பக்கத்தைப் படித்த அன்றுதான்.

பின்னாளில் டார்வினுக்கு ஒரு கவலை பிடித்துக்கொண்டது. சொந்தத்தில் கட்டியதால்தான் பிள்ளைகள் நோஞ்சானாக இருக்கிறார்களோ என்று. 1871 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், கணவனும் மனைவியும் அத்தை மாமன் பிள்ளைகளா என்று ஒரு கேள்வி சேர்க்கும்படி நண்பர் மூலமாக முயன்று பார்த்தார். நாடாளுமன்றம் ஒத்துக்கொள்ளவில்லை. பிறகு மகன் ஜார்ஜ் அதை வேறு வழிகளில் ஆராய்ந்தார். “இதுக்கு எதுக்குப் பார்லிமெண்டு, எங்கப்பாவைக் கேட்டிருந்தா மூணு தலைமுறைக்கு யார் யாரைக் கட்டுனாங்கன்னு சொல்லியிருப்பாரே” என்றாள் மனைவி.

இப்போது அன்றாட வாழ்க்கைக்கு வருவோம். ஒப்புமை இங்கேதான் உச்சத்தைத் தொடுகிறது. 1842 முதல் சாகும் வரை கென்ட் பகுதியில் டவுன் ஹவுஸ் என்ற வீட்டில் டார்வின் வாழ்ந்த ஒழுங்கைக் கேளுங்கள். காலையில் ஒன்றரை மணி நேரம் வேலை. பிறகு சோபாவில் சாய்ந்து, எம்மா நாவல் படிக்கக் கேட்பது. மறுபடி ஒன்றரை மணி நேரம். நண்பகலோடு அன்றைய வேலை நன்றாக நடந்தது என்று திருப்தியடைந்து எழுந்துவிடுவார். உலாவல், சாப்பாடு, செய்தித்தாள், கடிதங்கள். மூன்று மணிக்கு மீண்டும் படுக்கை, மீண்டும் நாவல். நாலரைக்கு ஒரு மணி நேரம் உட்கார்ந்து எழுதிவிட்டு ஆறு மணிக்கு மறுபடியும் ஓய்வு, மறுபடியும் நாவல். சோகமாக முடியும் நாவல்களைச் சட்டம் போட்டுத் தடுக்க வேண்டும் என்பது அவருடைய கருத்து. நான் இதில் அந்த ஒன்றரை மணிகளை மட்டும் கொஞ்சம் தளர்த்திக்கொண்டேன். மற்றபடி எழுத்துக்கு எழுத்து அதே ஒழுங்கு. நாவலுக்குப் பதில் டிவி சீரியல். அது முடிவதே இல்லை என்பதால் சோகமாக முடியுமோ என்ற பயமும் இல்லை.

பொடி போடும் பழக்கமும் பொது. மாணவனாக எடின்பரோவில் பிடித்த பழக்கம் அவரைக் கடைசிவரை விடவில்லை. அதிகம் போடாமல் இருக்க, பொடி ஜாடியைக் கூடத்தில் வைத்துக்கொண்டார், ஒவ்வொரு சிமிட்டாவுக்கும் எழுந்து நடக்க வேண்டுமே என்று. எங்கள் வீட்டில் இந்த ஏற்பாட்டை மனைவி பார்த்துக்கொள்கிறாள். ஜாடி எங்கே இருக்கிறது என்று எனக்குச் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

வயிறு. இதில் நாங்கள் இருவரும் சகோதரர்கள். அவருக்குப் பல்லாண்டுகள் வாந்தியும் வாயுத் தொல்லையும். 1849இல் மால்வெர்ன் என்ற ஊரில் டாக்டர் கல்லி என்பவரிடம் போய், வெடவெடக்கும் குளிர்நீரில் உடம்பைத் தேய்த்துவிடும் நீர் சிகிச்சையை மாதக்கணக்கில் எடுத்துக்கொண்டார். வீடு திரும்பித் தோட்டத்தில் அதற்கென்று குளியல் கொட்டகையே கட்டினார். நான் அவ்வளவு தூரம் போகவில்லை. அஷ்ட சூரணத்தை முதல் கவளத்தில் போட்டுப் பிசைவதோடு சரி.

தோட்டக் கோடியில் ஒரு சிறு தோப்பைச் சுற்றி மணல் பாவிய நடைபாதை ஒன்று அவருக்கு உண்டு. தொடக்கத்தில் சில கற்களைக் குவித்து வைத்து, ஒரு சுற்று முடிந்ததும் ஒரு கல்லைக் காலால் தள்ளுவார். யோசனையில் கணக்கு தப்பக் கூடாது அல்லவா. என் நடைபாதை மொட்டைமாடி. நடுவில் மனைவி வடகம் பிழிந்து காயவைத்திருப்பாள். நான் சுற்றிச் சுற்றி வருவேன். அவளைப் பொறுத்தவரை அதற்குப் பெயர் உலாவல் இல்லை, காக்கை விரட்டுவது. என் ஆராய்ச்சி தொடங்கியதும் அங்கேதான்.

சொல்ல மறந்துவிட்டேன், நானும் ஆராய்ச்சியாளன். நூலின் பெயர் ‘காக்கையும் திதியும்’. அமாவாசையன்று காக்கைக்குச் சோறு வைத்துவிட்டு மக்கள் கை தட்டிக் கூப்பிட்டுக்கொண்டே நிற்கிறார்கள், காக்கை வருவதில்லை. மற்ற நாளில் விரட்டினாலும் போவதில்லை. ஏன்? எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. அன்று எல்லா வீட்டுச் சுவரிலும் சோறு இருக்கிறது. நமக்கு எத்தனை காக்கையோ, காக்கைக்கும் அத்தனை வீடு. முன்னோர் கோபித்துக்கொள்ளவில்லை, அடுத்த வீட்டில் வடை வைத்திருக்கிறார்கள்.

உடனே எழுதிவிடலாமே என்பீர்கள். டார்வின் உடனே எழுதினாரா? கொள்கையின் சுருக்கத்தை 1842இல் பென்சிலால் எழுதினார். 1844இல் அதை 230 பக்கமாக விரித்தார். தான் இறந்துபோனால் 400 பவுண்டு செலவழித்து அச்சிட ஏற்பாடு செய் என்று எம்மாவுக்குக் கடிதம் வைத்தார். பிறகு அதைக் கட்டி வைத்துவிட்டு, படகின் அடியில் ஒட்டிக்கொள்ளுமே கொட்டலசு, அதை ஆராயப் போனார். எட்டு ஆண்டு. வீட்டுக் குழந்தைகளுக்குக் கொட்டலசு அறுக்காத அப்பாவே தெரியாது. பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றி, “அப்படியானால் அவர் தன் கொட்டலசுகளை எங்கே வைத்துப் பார்க்கிறார்?” என்று ஒரு பிள்ளை கேட்டதாகச் சொல்வார்கள். என் கொட்டலசு சங்க இலக்கியம். காக்கையைப் பற்றி எழுதுகிறவன் காக்கைபாடினியார் நச்செள்ளையாரை விட முடியுமா? அவரைத் தேடி உள்ளே போனேன். புறாவும் நாரையும் வழிமறித்தன. இன்னும் வெளியே வரவில்லை.

நேர்மையாக ஒன்று சொல்ல வேண்டும். டவுன் ஹவுஸில் இரவுதோறும் கணவனும் மனைவியும் பேக்கேமன் என்ற காய் உருட்டும் ஆட்டம் ஆடுவார்கள். 1876இல் அமெரிக்க நண்பர் ஆசா கிரேக்கு எழுதிய கடிதத்தில் டார்வின் ஆட்டக்கணக்கைத் தருகிறார். எம்மா வென்றது 2490, தான் வென்றது 2795. இந்த இடத்தில் எனக்கு லேசாக வியர்த்தது. படுத்துக்கொண்டே நாவல் கேட்ட இந்த மனிதர் எதையும் எண்ணாமல் விட்டதில்லை. மண்புழுவுக்குக் காது உண்டா என்று பார்க்க எம்மாவைப் பியானோ வாசிக்கவைத்தார். நம் நாகஸ்வரத்தைப் போலவே இரட்டைச் சீவாளி கொண்ட பஸூன் என்ற வாத்தியத்தை மகன் பிரான்சிஸை ஊதச் சொன்னார். புழுக்கள் கண்டுகொள்ளவில்லை. தொட்டியைப் பியானோவின்மேல் தூக்கிவைத்து ஒரு சுரத்தை அழுத்தியதும் வளைக்குள் ஓடின. காதில்லை, அதிர்வு தெரிகிறது. 1881இல் அது புத்தகமாகவே வந்தது. என் வீட்டுத் தாயக்கட்டத்தில் யார் எத்தனை ஜெயித்தோம் என்று எனக்குத் தெரியாது. மனைவிக்குத் தெரியும். அதனால்தான் நான் கேட்பதில்லை.

சரி, எழுதாமல் வைத்திருந்ததன் விலைக்கு வருகிறேன். 1858 ஜூனில் மலாய்த் தீவுகளிலிருந்து ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் என்ற இளைஞர் அனுப்பிய கட்டுரை டார்வினுக்குக் கிடைத்தது. பிரித்தால், தான் இருபது வருஷமாக அடைகாத்த கொள்கை அப்படியே அதில் இருக்கிறது. டார்வின் இடிந்துபோனார். அதே நாட்களில் வீட்டில் கைக்குழந்தை காய்ச்சலில் இறந்தது. அந்தத் துயரத்தோடு என்னை ஒப்பிட்டுக்கொள்ளும் துணிச்சல் எனக்கில்லை, அதைத் தாண்டிப் போகிறேன்.

என் வாலஸ், அண்ணன் பேத்தி. பதினோராம் வகுப்பு. பள்ளிக்கூடத்துக்குச் செய்த ஒப்படைப்பை, “சின்னத் தாத்தா, பிழை திருத்திக் குடுங்க” என்று அனுப்பியிருந்தாள். தலைப்பு, அமாவாசையும் காக்கைகளின் எண்ணிக்கையும். தினமும் ஒரே நேரத்தில், ஒரே சுவரில், ஒரே அளவு சோறு. வந்த காக்கைகள் இத்தனை. அமாவாசைகளில் மட்டும் வரைபடம் பள்ளத்தில் விழுகிறது. காரணம், தெரு முழுக்கச் சோறு. எல்லாம் நான் மொட்டைமாடியில் நினைத்தது. வடையைக்கூட விடவில்லை.

எந்தச் சுவர் என்று பார்த்தேன். எங்கள் வீட்டுக் கொல்லைச் சுவர். கடைசியில் நன்றி: சின்னப் பாட்டி. ஓடிப்போய்ச் சமையலறை நாள்காட்டியைப் புரட்டினேன். பால் கணக்குக்குப் பக்கத்தில் தினமும் பென்சிலில் ஒரு எண். இத்தனை மாதமாக அதைத் தயிர் கணக்கென்று நினைத்திருந்தேன்.

“எனக்கு ஏன் சொல்லலை?”

“நீங்க கேக்கலியே. அவ கேட்டா.”

டார்வின் இடிந்துபோனார் என்றேன் அல்லவா. எனக்கு அப்படி இல்லை. சொல்லப்போனால், அன்றைக்கு மத்தியானம் வந்ததுபோல் நிம்மதியான தூக்கம் எனக்கு வெகுகாலமாக வந்ததில்லை. பத்தாவது பொருத்தம் எதுவென்று கேட்டால், இதைத்தான் சொல்ல வேண்டும்.

ஆனால் மரபு என்று ஒன்று இருக்கிறது. டார்வினின் நண்பர்கள் லயலும் ஹூக்கரும் சேர்ந்து, இரண்டு பேருடைய எழுத்தையும் 1858 ஜூலை 1ஆம் தேதி லண்டன் லின்னியன் சங்கத்தில் ஒன்றாகப் படிக்கவைத்து நியாயம் செய்தார்கள். பொங்கலுக்கு எல்லோரும் கூடியபோது அதே மாதிரி கூட்டு வாசிப்பு வேண்டும் என்று மச்சானிடம் சொன்னேன். கூடத்தில் பாய் விரித்தோம். பேத்தி வரைபடங்களைக் காட்டிப் படித்தாள். கேள்வி கேட்டார்கள், பதில் சொன்னாள். அடுத்து நான் என் நோட்டைப் பிரித்தேன். தலைப்பு, சமர்ப்பணம், காக்கைபாடினியார் பற்றி ஒரு பத்தி. “அப்புறம்?” என்றார் மச்சான். கரும்பு வெட்டி வந்தது. கூட்டம் கலைந்தது.

அன்று ராத்திரி மனைவி தன் அக்காவிடம் போனில் பேசிக்கொண்டிருந்தாள். “இங்கேயா? விசேஷமா ஒண்ணுமில்லேக்கா. எல்லாம் வழக்கம்போலத்தான்.” எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. லின்னியன் சங்கத் தலைவர் தாமஸ் பெல்லும் ஆண்டறிக்கையில் கிட்டத்தட்ட இதைத்தான் சொன்னார். கடந்த ஆண்டில் அறிவியலைப் புரட்டிப்போடும்படியான கண்டுபிடிப்பு எதுவும் நிகழவில்லை என்று. அவர் பேசியது 1859 மே மாதம். ‘உயிரினங்களின் தோற்றம்’ நவம்பர் 24ஆம் தேதி வெளிவந்து, அச்சடித்த 1250 பிரதிகளுக்கும் வியாபாரிகள் போட்டி போட்டார்கள்.

ஆக, எனக்கும் ஆறு மாதம் இருக்கிறது. நோட்டுக்கு முதலில் அட்டை போட வேண்டும்.